வெயிலுக்கும் ஒரு டூட்டி

வெயிலைத் திட்டாத ஆசாமி தமிழ்நாட்டில் உண்டா? மாசி முடிவதற்குள் ஆரம்பித்துவிடுகிறோம். பஸ் ஸ்டாப்பில் திட்டுகிறோம், ஆபீஸ் லிஃப்டில் திட்டுகிறோம். மொட்டை மாடி ரூமில் குடியிருக்கும் பேச்சிலர்களோ ராத்திரி பதினோரு மணிக்கு, சூரியன் ஊரிலேயே இல்லாத நேரத்தில், சூரியனைத் திட்டுகிறார்கள். வடகம் போடுகிறவர்களைத் தவிர வெயிலுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்ல நாதியில்லை.

நான் இந்த வாரம் வடகக் கட்சி.

காரணம், வெயில் சத்தம் போடாமல் பார்க்கும் ஒரு வேலை. சம்பளம் கிடையாது, இன்க்ரிமென்ட் கிடையாது, மேகமூட்டம் தவிர லீவும் கிடையாது. ஆறு, ஏரி, குளம், வயல் என்று எங்கே தண்ணீர் நின்றாலும், அதில் கலந்துவிட்ட பூச்சி மருந்தை வெயில் உடைத்துக்கொண்டே இருக்கிறது. சம்மட்டி இல்லாமல், சத்தமில்லாமல், மூலக்கூறு மூலக்கூறாக.

'நல்லதாப் போச்சு, அப்புறம் என்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வெயில் எல்லா மருந்தையும் உடைப்பதில்லை. உடைக்க ஆரம்பித்ததையும் எப்போதும் முழுசாக முடிப்பதில்லை. வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு கிராமுக்கு 833 லாரி

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

2003-ஐ ஞாபகமிருக்கிறதா? டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பிப்ரவரியில் பாட்டில் தண்ணீரையும் ஆகஸ்டில் குளிர்பானங்களையும் சோதித்துவிட்டு, உள்ளே லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் எல்லாம் இருக்கின்றன என்று குண்டு போட்டது. நாடே அமளிதுமளி. பார்லிமென்ட் கூட்டுக் குழு விசாரித்து, 2004-ல் 'கண்டுபிடித்தது சரிதான்' என்றது.

அந்தச் சமயத்தில் அடிபட்ட அளவுகோல், ஐரோப்பியர்களுடையது. குடிநீரில் எந்த ஒரு பூச்சி மருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு நம் ஊர்ப் பாட்டில் தண்ணீருக்கும் அதே அளவுதான் வந்தது.

0.1 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கிராம் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை உப்பைவிடக் கொஞ்சம் அதிகம். அதை ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பது அந்த அளவு. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி என்றால் 833 லாரி. வரிசையாக நிறுத்தினால் கிண்டியில் ஆரம்பித்துத் தாம்பரத்தை நோக்கிப் பல கிலோமீட்டர் போய்விடும்.

காலி டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது பல சமயம் ஒரு கிராமுக்கும் அதிகம். இப்போது வெயிலின் வேலை எவ்வளவு பெரியது என்று புரிகிறதா?

விழுந்தால் போதாது, விழுங்கணும்

வெயில் மருந்தை எப்படி உடைக்கிறது? இரண்டு வழி. முதல் வழி நேரடி அடி.

வெயில் என்பது சக்தி மூட்டைகளின் மழை. சிவப்பு ஒளியின் மூட்டை சின்னது, நீலம் கொஞ்சம் கனம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா இன்னும் கனம். பூமிக்கு வரும் சூரிய சக்தியில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். ஆனால் அந்த மூட்டைக்கு ஒரு மூலக்கூறின் கார்பன் கட்டையே அறுத்துவிடும் அளவுக்குத் தெம்பு உண்டு. நம் சட்டைச் சாயம் வெளுப்பதும், ஜன்னலோரத்து காலண்டரில் நடிகையின் கன்னம் வெளிறிப்போவதும் இந்த வகைக் கைங்கரியம்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. 1817-லேயே குரோத்தூஸ் என்ற விஞ்ஞானி சொல்லிவிட்டார்: ஒரு பொருள் உறிஞ்சிக்கொள்ளும் ஒளி மட்டுமே அதில் ரசாயன மாற்றம் செய்யும். மேலே விழுந்தால் போதாது, விழுங்கணும். நாற்பது வருஷம் காலேஜ் வாசலில் டீக்கடை வைத்திருப்பதால் பட்டம் கிடைத்துவிடாது அல்லவா, அந்த மாதிரி.

ஒவ்வொரு மருந்துக்கும் விழுங்கும் அலைநீளம் வேறு. டிரைஃப்ளுராலின் என்ற களைக்கொல்லி மஞ்சளாக இருக்கும். மஞ்சளாக இருக்கிறது என்றாலே நீல ஒளியை விழுங்குகிறது என்று அர்த்தம். தெளிந்த தண்ணீரில் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் ஆள் காலி. டி.டி.டி.யோ வெயிலைக் கண்டுகொள்வதே இல்லை. அது விழுங்கும் அலைநீளம் எல்லாம் 290 நானோமீட்டருக்குக் கீழே. அந்தக் கதிர்களை ஓசோன் படலம் மேலேயே வடிகட்டிவிடுகிறது. ஓசோன் நம் தோலையும் காப்பாற்றுகிறது, டி.டி.டி.யையும் காப்பாற்றுகிறது. பாரபட்சம் பார்ப்பதில்லை.

பூவைத் தோற்கடித்த சூரியன்

இங்கே ஒரு தமாஷான சரித்திரம் சொல்லியாக வேண்டும்.

பைரீத்ரம் என்று ஒரு பூ. சாமந்தி குடும்பம். கென்யாவில் ஏக்கர் ஏக்கராகப் பயிரிட்டார்கள். காய வைத்து இடித்த பொடி பட்டால் பூச்சி சுருண்டு விழும், மனுஷனுக்கு அவ்வளவாகக் கெடுதல் இல்லை. தங்கமான மருந்து. ஒரே குறை, வயலில் தெளித்தால் வெயில் சில மணி நேரத்தில் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். காலையில் அடித்தால் மத்தியானம் பூச்சி வந்து ஏப்பம் விடும்.

விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் என்பவர் பல வருஷம் இந்தப் பூவின் மூலக்கூறோடு மல்லுக்கட்டினார். எந்தப் பகுதியை வெயில் பிடித்துக் கடிக்கிறதோ அதைக் கழற்றிவிட்டு, வெயிலுக்கு அசையாத வேறு பகுதியை மாட்டினார். 1973-ல் பெர்மெத்ரின் பிறந்தது. பின்னாலேயே சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று தம்பிகள் வந்தார்கள். உரக்கடையில் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அந்தக் குடும்பத்துக்கு நல்ல மவுசு.

அதே குடும்பத்தில் அலெத்ரின் என்று ஒரு வெயில் தாங்காத பிள்ளையும் உண்டு. அதை வீட்டுக்குள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கொசுவர்த்தியிலும் கொசு மேட்டிலும் இருந்து வந்தது அதுதான். ராத்திரி டூட்டி, வெயில் பயமில்லை.

நம் வேப்பங்கொட்டை விஷயமும் இதே. அதிலுள்ள அசாடிராக்டினை வெயில் சீக்கிரம் காலி செய்துவிடும். அதனால்தான் விவசாய அதிகாரிகள் வேப்பங்கொட்டைக் கரைசலைச் சாயங்காலத்தில் தெளிக்கச் சொல்கிறார்கள்.

கவனித்தீர்களா? வயலில் மருந்து நிலைக்க வேண்டும் என்பது விவசாயியின் நியாயம். தண்ணீருக்கு வந்ததும் மறைந்துவிட வேண்டும் என்பது நம் நியாயம். மருந்துக்கு இந்த வரப்பு வித்தியாசம் தெரியாது. வயலில் வெயிலை எதிர்த்து நிற்கும் மருந்து வாய்க்காலிலும் எதிர்த்து நிற்கும்.

தனிக்கட்டை எலக்ட்ரான்

நேரடி அடிக்கு மசியாதவர்களுக்காக வெயில் வைத்திருப்பது இரண்டாவது வழி. அடியாள் வைத்து அடிப்பது. அடியாளின் பெயர் ஹைட்ராக்ஸில் ரேடிகல்.

தண்ணீர் மூலக்கூறு தெரியும்: ஒரு ஆக்ஸிஜன், இரண்டு ஹைட்ரஜன். அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்துவிட்டால் மிச்சம் நிற்பதுதான் ஹைட்ராக்ஸில் ரேடிகல். எலக்ட்ரான்கள் எப்போதும் ஜோடியாக இருக்க விரும்புகிறவை. இதில் ஒரு எலக்ட்ரான் மட்டும் ஜோடியில்லாமல் தனிக்கட்டையாக நிற்கும். ஜாதகம் பார்க்காது, பொருத்தம் பார்க்காது. பக்கத்தில் எந்த மூலக்கூறு வந்தாலும் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி தண்ணீராகி நல்ல பிள்ளையாகிவிடும். அல்லது தானே போய் ஒட்டிக்கொள்ளும். பறிகொடுத்த மூலக்கூறு இப்போது தனிக்கட்டை. அது ஆக்ஸிஜனைப் பிடிக்கும், உருமாறும், உடையும். குடும்பமே சிதறும்.

தண்ணீரைச் சுத்தம் செய்ய நாம் போடும் குளோரினைவிட, ஓசோனைவிட இதற்குப் பிடுங்கும் வெறி அதிகம். ஆனால் அற்பாயுசு. ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால் அதில் சில துண்டு நேரம்தான் ஆற்றுத் தண்ணீரில் உயிரோடிருக்கும். அதற்குள் யாரையாவது முடித்துவிடும்.

இந்த ஆசாமியின் ஜாதகத்தில் நம் புளிக்கும் பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் ஃபென்டன் என்பவர், புளியில் புளிப்புத் தருகிற டார்டாரிக் அமிலத்தோடு, கொஞ்சம் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்த்துப் பார்த்தார். பெராக்ஸைடு தெரியுமல்லவா? புண்ணில் விட்டால் நுரைக்குமே, அது. இரண்டும் தனித்தனியாகச் சாது. சேர்ந்தால் அமிலம் மளமளவென்று மாறியது. 1894-ல் இதை விவரமாக எழுதினார். உள்ளே வேலை செய்தது ஹைட்ராக்ஸில் என்று 1934-ல் சொன்னவர்கள் ஹேபரும் வைஸும். காற்றிலிருந்து அம்மோனியா எடுத்து உரத்துக்கு வழி செய்தாரே, அதே ஹேபர்.

குளத்தில் யார் தயாரிக்கிறார்கள்?

குளத்தில் பெராக்ஸைடு பாட்டிலோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பின்னே ஹைட்ராக்ஸில் எங்கிருந்து வருகிறது?

முதல் சப்ளையர், நைட்ரேட். வயலில் போட்ட யூரியா மண்ணில் மாறி, வடிகாலில் இறங்கி, நைட்ரேட்டாகத் தண்ணீரில் இருக்கும். அதன் மேல் புற ஊதா பட்டால் அது உடைந்து ஹைட்ராக்ஸிலைக் கக்கும். அதாவது, உரக்கடையில் வாங்கின ஒரு மூட்டை, அதே கடையில் வாங்கின இன்னொரு டப்பாவைத் தண்ணீரில் வைத்து ஒழிக்கிறது. இதற்காக யூரியாவை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். குடிநீரில் நைட்ரேட் ஏறினால் கைக்குழந்தைகளுக்கு ஆகாது.

இரண்டாவது, கரைந்த இரும்பு. வெயில் பட்டால் அதுவும் ஹைட்ராக்ஸில் தரும்.

மூன்றாவது, இலை, சருகு, வேர் எல்லாம் ஊறித் தண்ணீருக்கு டீ டிகாக்ஷன் நிறம் தருகிற சரக்கு. வெயிலை நன்றாக விழுங்கும். விழுங்கின சக்தியைத் தானே வைத்துக்கொள்ளாமல் பக்கத்து ஆக்ஸிஜனிடமோ, சில சமயம் நேரே மருந்திடமோ கைமாற்றிவிடும். காதல் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் மாதிரி. கல்யாணத்தில் அவனுக்கு லாபமில்லை, ஆனால் அவனில்லாமல் கல்யாணமே இல்லை.

ஆக, வெயிலை நேராக விழுங்காத மருந்துகூட இந்தச் சுற்று வழியில் மாட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான்.

பின்னே ஏன் கவலை?

எங்கள் ஊர்ப் பக்கம், டெல்டாவில், குறுவைக்கு மருந்தடிக்கும் சீஸனில் ஒரு நாள். அடித்து முடித்த அண்ணன் ஒருவர் தெளிப்பானை வாய்க்கால் படித்துறையில் கவிழ்த்து அலசிக்கொண்டிருந்தார். வெள்ளையாகப் பால் போல ஓடியது. கொஞ்ச தூரத்தில், கீழே, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, இப்படி வாய்க்கால்லயே..."

"ஓடுற தண்ணிதானே தம்பி! நாலு வெயில் அடிச்சா எல்லாம் போயிரும்."

அண்ணன் சொன்னதில் பாதி சரி. இதுவரை எழுதினதெல்லாம் அந்தப் பாதியைத்தான். மிச்சப் பாதி இதோ.

ஒன்று, ஆள் பற்றாக்குறை. உச்சி வெயிலில் ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரில் ஒரு சமயத்தில் இருக்கும் ஹைட்ராக்ஸில்களை எண்ணினால் கோடிக் கணக்கில் வரும். ரொம்ப அதிகம் என்று தோன்றும். ஆனால் அனுமதிக்கப்பட்ட அந்த 0.1 மைக்ரோகிராமில் குளோர்பைரிபாஸ் மூலக்கூறுகள் எத்தனை தெரியுமா? சுமார் 1.7 கோடி கோடி! புதுப் புது ஹைட்ராக்ஸில் வந்துகொண்டே இருக்கும் என்றாலும், இவர்களை மட்டுமே நம்பினால் ஒரு மருந்து பாதியாகக் குறைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நாலு வெயில் போதாது.

இரண்டு, கவனச் சிதறல். ஹைட்ராக்ஸில் 'நான் பூச்சி மருந்தைத்தான் அடிப்பேன்' என்று சங்கல்பம் எடுத்துக்கொண்டு வருவதில்லை. தண்ணீரில் மருந்தைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகமாக வேறு சரக்கு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் பாத்திரத்தில் படியுமே வெள்ளை, அந்த பைகார்பனேட் ஹைட்ராக்ஸிலைப் பிடித்துத் தின்றுவிடும். டிகாக்ஷன் சரக்கும் தின்னும். மேலே கடிதம் கொண்டுபோன பையன்தான், இங்கே மாப்பிள்ளையைக் கடத்தியும் விடுகிறான்.

மூன்று, இருட்டு. கலங்கின ஏரித் தண்ணீரில் புற ஊதா சில அங்குலம் இறங்குவதற்குள் தீர்ந்துபோகும். அடியில் சேற்றோடு ஒட்டின மருந்துக்கு நிரந்தர அமாவாசை. அதைவிட மோசம் நிலத்தடி நீர். மண்ணுக்குள் இறங்கிவிட்ட மருந்துக்கு வெயிலும் இல்லை, ஹைட்ராக்ஸிலும் இல்லை. நாம் போர் போட்டு இறைப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

சில மருந்துகள் இந்த எல்லா ஓட்டையிலும் தப்பிக்கும். எண்டோசல்ஃபான் அப்படி. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அங்கே வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் எண்டோசல்ஃபான் வெயிலை விழுங்குவதில்லை. மண்ணில் மெதுவாக மாறினாலும், எண்டோசல்ஃபான் சல்ஃபேட் என்று தாயைப் போலவே விஷமுள்ள, தாயைவிட அதிக நாள் இருக்கிற பிள்ளையாக மாறுகிறது. ஓடையும் சுரங்கமும் குடிநீராக இருந்த ஊர்கள். பிறவிக் குறைகளோடு குழந்தைகள், நரம்புக் கோளாறுகள் என்று அந்த மக்கள் பட்ட பாட்டைப் படித்திருப்பீர்கள். 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்கத் தடை போட்டது. அதே வருஷம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலிலும் அது சேர்ந்தது.

அரைகுறை வேலை

நான்காவது, ரொம்ப முக்கியம். பாதியில் விட்ட வேலை.

பாரத்தியான் என்று ஒரு பழைய மருந்து. 1958-ல் கேரளத்தில், கப்பலில் வந்த உணவுப் பொருளில் இது கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நம் நாட்டில் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம். இந்த பாரத்தியானில் ஒரு கந்தக அணு இருக்கிறது. வெயிலும் ஆக்ஸிஜனும் சேர்ந்து அந்தக் கந்தகத்தைக் கழற்றி ஆக்ஸிஜனை மாட்டினால் கிடைப்பது பாரக்ஸான். ஒரே ஒரு அணு வித்தியாசம். நரம்பைத் தாக்குவதில் பாரக்ஸான் அப்பனை மிஞ்சினவன். டயல்ட்ரின் என்ற மருந்தும் அப்படித்தான். வெயிலில் உருமாறி போட்டோ டயல்ட்ரின் ஆனால் பல உயிரினங்களுக்கு இன்னும் அதிக விஷம்.

ஆகவே 'மருந்து மறைந்துவிட்டது' என்று லேபில் ரிப்போர்ட் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மறைந்து என்னவாக ஆனது? கார்பனெல்லாம் கார்பன் டை ஆக்ஸைடாகவும், ஹைட்ரஜன் தண்ணீராகவும், குளோரின் சாதா உப்புச் சமாசாரமாகவும் ஆகிவிட்டால்தான் வேலை முடிந்தது. நடுவிலுள்ள எந்த ஸ்டேஜும் 'ஃபைல் அண்டர் ப்ராசஸ்' தான். ஆபீஸ்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேஜையை விட்டு நகர்ந்த ஃபைலெல்லாம் முடிந்த ஃபைல் அல்ல.

கௌபாய் ஊரில் ஒரு வேலை

வெயில் அரைகுறையாக விட்டுவிடுகிறது, சரி. அதற்கு வேண்டிய ஆளும் தளவாடமும் கொடுத்தால் முழுசாக முடிக்குமா? முடிக்கும். அதை ஸ்பெயினில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தெற்கு ஸ்பெயினில் அல்மேரியா. கிளின்ட் ஈஸ்ட்வுட் சுருட்டைக் கடித்துக்கொண்டு துப்பாக்கியைச் சுழற்றினாரே, அந்தப் படங்களில் பார்த்த பொட்டல்காடு பலவும் இங்கிருக்கும் டபர்னாஸ் பாலைவனம்தான். அதே பாலைவனத்தில் சூரிய சக்திக்கென்று ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிக் கடலோரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூரை. அதற்கடியில் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி. சுமார் 30,000 ஹெக்டேர். விண்வெளியிலிருந்து பார்த்தால்கூட வெள்ளையாகத் தெரியும்.

இவ்வளவு காய்கறி என்றால் எவ்வளவு மருந்து டப்பா! அவற்றை மறுசுழற்சி செய்யத் துண்டு துண்டாக்கிக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீர்? அதில் ஒரு மருந்தா, இரண்டு மருந்தா, ஊரிலுள்ள அத்தனை மருந்தும் அவியல்.

அங்கேதான் ஃபென்டனின் பழைய வித்தை கைகொடுத்தது. கழுவின தண்ணீரில் அமிலம் கொஞ்சம், இரும்பு உப்பு கொஞ்சம், பெராக்ஸைடு தேவையான அளவு. அதைக் கண்ணாடிக் குழாய்களில் சுற்றவிட்டார்கள். குழாய்க்குப் பின்னால் வளைந்த அலுமினியக் கண்ணாடி. எந்தப் பக்கம் விழும் வெயிலையும் குழாய் மேல் திருப்பிவிடும். இரும்பும் பெராக்ஸைடும் மோதினால் ஹைட்ராக்ஸில் பிறக்கும், ஆனால் அந்த இரும்பு களைத்துப்போய் உட்கார்ந்துவிடும். வெயில் அதைத் தட்டி எழுப்பி மறுபடி டூட்டிக்கு அனுப்பும். எழுப்பும்போதே இன்னொரு ஹைட்ராக்ஸிலும் இலவசம். துளி இரும்பு திரும்பத் திரும்ப உழைக்கும். இதற்குப் புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற நீல, பச்சை ஒளிகூடப் பயன்படும்.

ஆராய்ச்சி 1990-களிலேயே நடந்தது. 2004-ல் லா மொஹொனேரா என்ற ஊரில் 150 சதுர மீட்டர் வெயில் பிடிக்கும் தொழிற்கூடமாகவே வந்துவிட்டது. கடைசி மூலக்கூறு வரை வெயிலை வைத்தே உடைக்க வேண்டியதில்லை என்றும் அங்கே ஆராய்ந்து சொன்னார்கள். விஷப் பல்லைப் பிடுங்கும் வரை உடைத்தால் போதும், மிச்சத்தைப் பாக்டீரியாவிடம் விட்டால் அது சாப்பிட்டு முடித்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் உலகுக்குச் சொன்ன டைட்டானியம் டை ஆக்ஸைடு. வெள்ளைப் பெயின்டில் இருக்கும் பொடிதான். வெளிச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அது வெயிலும் இந்தப் பொடியும் சேர்ந்து ஹைட்ராக்ஸில் செய்து பெயின்டையே அரித்த கதை. அந்த அரிப்பைத் தண்ணீரிலுள்ள விஷத்தின் மேல் திருப்பிவிட்டார்கள். ஆனால் அதற்குப் புற ஊதா மட்டும்தான் இறங்கும். அந்த 5 சதவீதத்தில் பிழைப்பு நடத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இதெல்லாம் தொட்டியில் பிடித்து வைத்த, கெட்டியான கழிவுக்குத்தான். காவிரிக்குப் பெராக்ஸைடு ஊற்ற முடியாது. ஆற்றில் கலந்துவிட்டால் கலந்ததுதான்.

கேண்டீன் சந்தேகங்கள்

இதையெல்லாம் ஆபீஸ் கேண்டீனில் சொன்னபோது ஒரு நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய கேள்விகள் உங்களுக்கும் இருக்கலாம்.

"பெட் பாட்டில்ல தண்ணிய ஊத்தி மொட்டை மாடியில வெச்சா மருந்து போயிடுமா சார்?"

போகாது. நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் சாகும், அது உண்மை. உலகத்தில் பல ஏழை நாடுகளில் அந்த முறை உண்டு. ஆனால் அது கிருமிக்குத்தான். மருந்தை உடைக்கிற கனமான புற ஊதாவை பாட்டிலே தடுத்துவிடும்.

"கொதிக்க வெச்சா?"

கிருமி சாகும். பெரும்பாலான மருந்து அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டினால் இன்னும் கெட்டியாகும், ரசம் மாதிரி.

"குளோரின்?"

குளோர்பைரிபாஸில் குளோரின் பட்டால், பாரத்தியான் கதைதான். அதைவிட விஷமான ஆக்ஸான் உண்டாகும்.

"அப்ப ஃபில்டரு?"

கரித்தூள் ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. பெரும்பகுதியைத் தள்ளிவிடும். சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் குழுவினர் வெள்ளி நானோ துகளால் மருந்தைப் பிடிக்கும் வழி கண்டு, 2007-ல் அது வீட்டு ஃபில்டராகவே வந்தது. ஆனால் கரித்தூளும் ஆர்.ஓ.வும் செய்வது டிரான்ஸ்ஃபர், டிஸ்மிஸ் இல்லை. தள்ளின தண்ணீரும் தூக்கிப் போட்ட கரியும் எங்கேயோ போய்ச் சேர்கின்றன.

நண்பர் கடைசியாக, "அப்ப என்னதான் சார் பண்றது?" என்றார்.

பதில் ரொம்பச் சாதாரணம். உங்களில் பாதிப் பேருக்கு ஊரில் அப்பாவோ சித்தப்பாவோ மாமாவோ இன்னும் விவசாயம் பார்க்கிறார்கள். அடுத்த தடவை போகும்போது சொல்லுங்கள். டப்பா காலியானதும் மூன்று தடவை நன்றாகக் குலுக்கி அலசச் சொல்லுங்கள். அலசின தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி வயலிலேயே அடித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கின மருந்து, வீணாவானேன்? பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிடட்டும், யாரும் எண்ணெய் வாங்கப் பயன்படுத்தாதபடி. மழை வரும்போலிருந்தால் அன்றைக்கு மருந்தடிக்க வேண்டாம். தெளிப்பானைக் கிணற்றடியில், வாய்க்காலில் கழுவவே வேண்டாம்.

அந்த ஒரு கிராம் தண்ணீருக்குப் போகாமல் நின்றால், 833 லாரித் தண்ணீரைக் கரையேற்றின புண்ணியம். இதற்குப் பெராக்ஸைடும் வேண்டாம், ஸ்பெயினுக்கு விசாவும் வேண்டாம்.

மற்றபடி வெயிலைத் திட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. வேலை செய்கிற ஆளைத்தானே எந்த ஆபீஸிலும் திட்டுவார்கள்? அதன் தலையில் ஓவர்டைம் கட்டாமல் இருந்தால் சரி.